ஓக் தீவுப் புதையல்: குழிக்குள் கிடப்பது தங்கமா, ஃப்ரீமேசன் சடங்குக் கதையா?

நெய்தல்குமரன்:

வணக்கம் நண்பர்களே. கடற்கொள்ளையர் இழையில் ஓக் தீவுப் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. கடற்கொள்ளையன் கேப்டன் கிட், சிலுவைப் போர்க்கால டெம்ப்ளர் வீரர்கள், ஷேக்ஸ்பியர் கையெழுத்துப் பிரதி என்று ஆளுக்கொரு பக்கம் இழுத்ததில் எனக்கு இருந்த சந்தேகம் அடிபட்டுப் போனது. அதற்காகத்தான் இந்தத் தனி இழை.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் மகோன் விரிகுடா என்று ஒன்று. அதிலுள்ள நூற்றுக்கணக்கான தீவுகளில் ஒன்று ஓக் தீவு, சுமார் 140 ஏக்கர். 1795இல் டேனியல் மெகின்னிஸ் என்ற இளைஞன் அங்கே ஓக் மரத்தடியில் மண் தாழ்ந்து கிடப்பதைப் பார்க்கிறான். ஜான் ஸ்மித், ஆந்தனி வான் என்ற இரண்டு நண்பர்களைக் கூட்டி வந்து தோண்டுகிறான். இரண்டடியில் பாவுகற்கள். 10 அடியில் ஓக் கட்டைகளை அடுக்கிய தளம், 20 அடியில் இன்னொன்று, 30 அடியில் மற்றொன்று. அதற்குமேல் அவர்களால் முடியவில்லை. சில வருடம் கழித்து ஆன்ஸ்லோ கம்பெனி என்று ஒரு குழு வந்து 90 அடி தாண்டித் தோண்டுகிறது. வழியில் கரி, தச்சர் பூசும் மக்கு மாதிரி ஒரு பசை, தேங்காய் நார், புரியாத குறிகள் வெட்டிய கல். ஒரு சனிக்கிழமை மாலை, 98 அடியில் கடப்பாரையால் குத்திப் பார்க்கிறார்கள். கெட்டியாக ஏதோ தட்டுகிறது. திங்கள் காலையில் வந்து பார்த்தால் குழியில் கடல் தண்ணீர். அன்று தொடங்கி இன்றுவரை யாராலும் அந்தத் தண்ணீரை இறைத்து முடிக்க முடியவில்லை.

இப்போது ஃப்ரீமேசன்கள், சுருக்கமாக மேசன்கள், என்ற ரகசியச் சடங்குகள் கொண்ட சகோதரச் சங்கத்தின் ராயல் ஆர்ச் சடங்கைப் பாருங்கள். 1740களிலிருந்தே அதைப் பற்றிய குறிப்புகள் உண்டு. அது கிட்டத்தட்ட ஒரு நாடகம். பாபிலோனிலிருந்து திரும்பிய மூன்று பேர் எருசலேம் கோயிலைத் திரும்பக் கட்டும் வேலைக்கு வருகிறார்கள். இடிபாட்டை அகற்றும்போது கடப்பாரை பட்ட இடத்தில் உள்ளே வெற்றிடம் இருப்பது போலச் சத்தம் கேட்கிறது. கல்லைப் பெயர்த்தால் கீழே ஒரு நிலவறை. ஒருவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குகிறான். உள்ளே சுருள், பொன் தகடு, அதில் தொலைந்துபோன இறைவன் பெயர். இதையே வேறு வடிவில் சொல்லும்போது, பைபிளில் வரும் ஏனோக்கு ஒன்றன்கீழ் ஒன்றாக ஒன்பது வளைவறைகள் கட்டி அடியில் அந்தத் தகட்டை ஒளித்துவைத்தான் என்பார்கள். சடங்கின் கருவிகள் கடப்பாரை, பிக்காசு, மண்வெட்டி.

மூன்று இளைஞர்கள். பத்துப் பத்தடியாக ஒன்பது தளங்கள். கடப்பாரைச் சத்தம். எழுத்து வெட்டிய கல். 1849இல் அடுத்து வந்த ட்ரூரோ கம்பெனி துளைபோட்டபோது வந்ததாகச் சொல்லும் தங்கச் சங்கிலிக் கண்ணிகள். 1897இல் துளைக்கருவியில் ஒட்டி வந்த தோல்தாள் துணுக்கு. இத்தனையும் தற்செயலா?

இதை முதலில் விரிவாக எழுதியவர்களில் ஒருவர் ஜோ நிக்கெல் என்ற அமெரிக்க ஆய்வாளர், 2000இல். தீவைத் தோண்டியவர்களில் ஃபிரெடரிக் பிளேர், வில்லியம் சாப்பெல், கில்பர்ட் ஹெடன் எல்லோரும் மேசன்கள் என்று அவர் காட்டினார். பிளேரின் வழக்கறிஞர் ரெஜினால்ட் ஹாரிஸ் நோவா ஸ்கோஷியா மேசன்களின் கிராண்ட் மாஸ்டர் பதவிவரை போனவர்.

என் கருத்து இதுதான்: ரகசியச் சங்கம் அங்கே புதையலை ஒளிக்கவில்லை. ஒரு பள்ளத்துக்கு அவர்கள் மனதிலிருந்த கதை மேலே ஏறிக்கொண்டது. அடித்து நொறுக்குங்கள்.

---

புதுவரவு_கோபி:

முதல் பதிவு. நல்லா இருக்கு சார். ஏழு பேர் செத்தால்தான் புதையல் வெளிவரும், ஆறு பேர் செத்தாச்சு என்று டிவியில் சொல்வார்களே, அது இந்தத் தீவுதானே? நம்ம ஊரில் பூதம் காக்கிற புதையலுக்குத் தலைச்சன் பிள்ளை கேட்கும் என்பார்களே, அந்த மாதிரி.

---

நெய்தல்குமரன்:

அதே தீவுதான் கோபி. ஏழு பேர் என்பது பின்னால் வந்து ஒட்டிக்கொண்ட கதை. ஆறு சாவுகள் மட்டும் நிஜம். 1861இல் நீர் இறைக்கும் கொதிகலன் வெடித்து ஒருவர், 1897இல் குழிக்குள் விழுந்து ஒருவர். 1965 ஆகஸ்ட் 17இல் ஒரே நாளில் நான்கு பேர். அந்த நாலு பேர் கதையைப் படித்தால் பூதம் கீதம் எல்லாம் மறந்துபோகும். ராபர்ட் ரெஸ்டால் என்பவர் சர்க்கஸில் இரும்புக் கூண்டுக்குள் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர். குடும்பத்தோடு தீவில் குடியேறி வருடக்கணக்கில் தோண்டினார். அன்று குழிக்குள் நச்சு வாயு. அவர் மயங்கி விழுந்தார். தூக்கப்போன மகன் விழுந்தான், மகனைத் தூக்கப்போன இரண்டு பேர் விழுந்தார்கள்.

---

பொள்ளாச்சி_மட்டை:

குமரன் சார், மேசன் சமாச்சாரம் எனக்குத் தெரியாது. தேங்காய் நார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லியே ஆகணும். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக நார்த் தொழில்தான்.

அந்த நார் குழிக்குள் மட்டும் கிடைக்கவில்லை. 1850இல் ஸ்மித்ஸ் கோவ் என்கிற கரையில் தோண்டினால் மணலுக்கடியில் பாய் விரித்த மாதிரி நார் பரப்பி, மேலே கடற்புல் போட்டு, அதற்குக் கீழே கல்லால் கட்டிய வாய்க்கால் இருந்தது என்கிறார்கள். கடல் தண்ணீர் வடிகட்டிப் போக, மணல் உள்ளே போகாமல் தடுக்க. ஆக இது பொறி, குழிக்குத் தண்ணீர் விடும் வழி என்று முடிவு கட்டிவிட்டார்கள்.

தொழில்காரனாகச் சொல்கிறேன், வடிகட்ட நார் போட்டவன் பொருள் தெரிந்தவன். தேங்காய் மட்டையை உப்பங்கழியில் மாதக்கணக்கில் ஊறப்போடுகிறோம். மேல்தோலும் நாருக்கு இடையிலுள்ள சோறும் அழுகி நாற்றம் எடுக்கும், ஊரே மூக்கைப் பிடிக்கும். எடுத்துக் கட்டையால் அடித்தால் நார் மட்டும் பொன்னாகத் தனியே வந்து நிற்கும். மற்ற நார்களை எல்லாம் தின்கிற உப்புத் தண்ணீர் இதைச் சுலபத்தில் தின்னாது. அதனால்தான் கப்பல்காரர்கள் கயிற்றுக்கும், சரக்கு உருளாமல் இடையில் திணிப்பதற்கும் இதை வாங்கினார்கள்.

கனடாக் குளிரில் தென்னை ஏது? அதனால் அந்த நார் கப்பலில்தான் வந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் கப்பலில் வந்தது என்றால் புதையலோடு வந்தது என்று அர்த்தமா? மீன் உலர்த்துகிறவன், உப்புக் காய்ச்சுகிறவன், உடைந்த கப்பலைப் பழுது பார்க்கிறவன், யார் வேண்டுமானாலும் இறக்கிப் போட்டிருக்கலாம்.

---

டெம்ப்ளர்_அருள்:

மட்டை அண்ணா, முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டீர்கள்! அந்த நாரைக் கார்பன் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்கள். 1200க்கும் 1400க்கும் இடைப்பட்ட காலம் என்று வந்தது. அதாவது கொலம்பஸுக்கு முந்தைய நார்!

இப்போது யோசியுங்கள். 1307 அக்டோபர் 13, வெள்ளிக்கிழமை. பிரான்ஸ் அரசன் நான்காம் பிலிப் டெம்ப்ளர்களைக் கூண்டோடு பிடிக்கிறான். 1312இல் போப்பாண்டவர் அமைப்பையே கலைக்கிறார். அவர்களுடைய செல்வம் எங்கே போனது? லா ரோஷெல் துறைமுகத்திலிருந்து கப்பல்கள் கிளம்பின என்பார்கள். ஸ்காட்லாந்தில் தஞ்சம். 1398இல் ஓர்க்னி தீவுகளின் பிரபு ஹென்றி சின்க்ளேர் அட்லாண்டிக்கைத் தாண்டினார். அதே சின்க்ளேர் குடும்பம் 1446இல் ராஸ்லின் தேவாலயத்தைக் கட்டத் தொடங்குகிறது. பிறகு அந்தக் குடும்பமே ஸ்காட்லாந்து மேசன்களுக்குத் தலைமை தாங்குகிறது. 2017இல் ஸ்மித்ஸ் கோவ் கரையிலேயே ஈயச் சிலுவை கிடைத்தது. ஃபிரெட் நோலன் என்ற நில அளவையாளர் தீவில் பெரும் பாறைகள் சிலுவை வடிவில் நிற்பதை அளந்து காட்டினார். மேசன் சடங்கு கதைக்குள் புகுந்தது என்கிறார் குமரன் அண்ணா. நான் சொல்வது, சடங்கே அந்தக் குழியின் நினைவிலிருந்து வந்திருக்கலாம்.

---

கணக்கு_வாத்தியார்:

அருள் தம்பி, நீ கட்டியிருக்கும் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியையும் தனியே இழுத்துப் பார்.

லா ரோஷெல் கப்பல்கள்: கைதான ஒருவர் விசாரணையில் சொன்ன வாய்மொழிக்கு மேல் எதுவும் இல்லை. சின்க்ளேர் பயணம்: 1558இல் வெனிஸில் நிக்கோலோ ஸீனோ என்பவர் தன் முன்னோர் எழுதிய கடிதங்கள் என்று சொல்லி வெளியிட்டதுதான் ஆதாரம். அதில் சின்க்ளேர் பெயரே கிடையாது. ‘ஸிச்ம்னி’ என்று ஒருவன் வருகிறான். அவன்தான் சின்க்ளேர் என்று 1784இல் ஃபோர்ஸ்டர் ஊகித்தார். அந்தக் கடிதங்களே புனைவு என்பது பெரும்பாலான வரலாற்றாசிரியர்களின் முடிவு. ஆக, ஊகத்தின்மேல் ஊகம், அதன்மேல் தேவாலயம்.

நார் விஷயத்தில் உன் கணக்கு உனக்கே எதிராகப் போகிறது. கொலம்பஸுக்கு முன் அட்லாண்டிக் கரைகளில் தென்னையே கிடையாது. போர்ச்சுகீசியர் இந்தியப் பெருங்கடல் பக்கமிருந்து கொண்டுபோய் ஆப்பிரிக்கக் கரையருகே கேப் வெர்டே தீவுகளில் நட்ட பிறகுதான் அங்கே பரவியது. கார்பன் காலம் சரி என்றால் அந்தத் தேங்காய் காய்த்தது இந்தியப் பெருங்கடல் ஓரத்தில், சொல்லப்போனால் நம் பக்கத்தில். டெம்ப்ளர் கப்பலுக்கு அங்கே என்ன வேலை? அரபு வணிகர் வழியாகக் கை மாறி வந்தது என்று நீ சொல்லலாம். சரி. பழைய நார் எத்தனை கை மாறி, எந்த நூற்றாண்டில் அந்தக் கரையில் இறங்கியது என்று கார்பன் சொல்லாது. காய் எப்போது காய்த்தது என்பதை மட்டும்தான் சொல்லும்.

அடுத்தது குமரன். உங்களையும் விடப்போவதில்லை. தோண்டியவர்கள் மேசன்கள் என்பது ஒரு வாதமா? ஹாலிஃபாக்ஸ் நகரம் பிறந்தது 1749இல். 1750இல் அங்கே மேசன் லாட்ஜ், அதாவது உள்ளூர்க் கிளை, வந்துவிட்டது, ஆளுநர் எட்வர்ட் கார்ன்வாலிஸே அதன் தலைவர். அந்த மாகாணத்தில் கையில் காசுள்ள வியாபாரி, வக்கீல், அதிகாரி, படைவீரன் என்று எவரை எடுத்தாலும் மேசனாக இருக்க நல்ல வாய்ப்பு. புதையல் கம்பெனியில் பங்கு வாங்குவதும் அதே வகை ஆட்கள்தான். நம் ஊரில் வணிக வளாகம் கட்டியவர்களை வரிசையாக எடுத்துப் பார்த்து, பாதிப்பேர் லயன்ஸ் கிளப், ஆகவே லயன்ஸ் கிளப்பின் சதி என்று சொன்னால் எப்படி இருக்கும்?

விவேகானந்தர் 1884இல் கல்கத்தாவில் மேசன் ஆனவர். ஆற்காடு நவாபின் மகன் உம்தத்துல் உமரா 1770களிலேயே திருச்சியில் சேர்ந்தவர். அவர்கள் எல்லாம் எதைப் புதைத்தார்கள்?

---

நெய்தல்குமரன்:

வாத்தியார் ஐயா, அடி பலம்தான். ஆனால் நான் நின்ற இடத்தில் விழவில்லை. மேசன்கள் தோண்டினார்கள் என்பதை வைத்து மட்டும் நான் எதையும் சொல்லவில்லை. கதையின் அமைப்பு ஒத்துப்போகிறது என்பதே என் வாதம்.

உங்கள் பக்கத்துக்கு நானே ஒரு சான்று தருகிறேன். பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதி ஆனவர், 1909இல் 27 வயதில் தீவுக்குப் போய்த் தோண்டிய குழுவில் இருந்தார், பங்கும் வாங்கினார். ரூஸ்வெல்ட் மேசன், ஆகவே ரகசியம் தெரிந்து போனார் என்று இணையம் முழுக்க எழுதுகிறார்கள். அவர் மேசன் ஆனது 1911இல். போய்விட்டு வந்து இரண்டு வருடம் கழித்து. இந்த ஒரு தேதியைப் பார்க்காமல் எத்தனை காணொளிகள்!

இப்போது எனக்குச் சாதகமானதைப் பாருங்கள். கண்டுபிடிப்பு 1795 என்கிறார்கள். அச்சில் வருவது எப்போது? 1857இல் லிவர்பூல் டிரான்ஸ்கிரிப்ட் என்ற உள்ளூர்ப் பத்திரிகையில் சின்னக் குறிப்பு, ஓக் தீவில் கிட்டின் புதையலைத் தேடித் தோண்டுகிறார்கள் என்று. ஓரளவு விரிவான கதை 1861இல் வருகிறது. அதற்கு வைத்த தலைப்பே ‘ஓக் தீவு மடத்தனம்’ என்ற பொருளில்தான். மூன்று இளைஞர்களின் கதை முழுசாக அச்சேற 60 வருடத்துக்கு மேல் ஆகியிருக்கிறது. இதற்கு நடுவில் என்ன நடந்தது? 1826இல் நியூயார்க் மாநிலத்தில் வில்லியம் மார்கன் என்பவர் மேசன் சடங்குகளைப் புத்தகமாகப் போடப்போகிறேன் என்று கிளம்பி, ஆள் காணாமல் போனார். பெரிய அரசியல் புயல். அதன்பிறகு ராயல் ஆர்ச் உட்பட எல்லாச் சடங்கும் அச்சில் கிடைத்தது. 1861இல் கதை எழுதியவருக்கோ, அவருக்குச் சொன்னவருக்கோ மேசனாக இருக்க வேண்டிய தேவையே இல்லை.

---

டெம்ப்ளர்_அருள்:

அப்படியானால் எழுத்து வெட்டிய கல்? அதற்கு என்ன சொல்வீர்கள்? சங்கேதத்தை உடைத்து ‘கீழே 40 அடியில் 20 லட்சம் பவுண்டு புதைக்கப்பட்டிருக்கிறது’ என்று படித்திருக்கிறார்களே!

---

புதுவரவு_கோபி:

தண்ணீர் வந்து மூழ்கடிக்கிற பொறி எல்லாம் வைத்தவன், கூடவே எத்தனை அடியில் எவ்வளவு இருக்கு என்று ரசீதும் எழுதி வைத்தானா 😂

---

நெய்தல்குமரன்:

கோபி சொன்னதுதான். அதுவும் எழுத்துக்கு எழுத்து மாற்றிப்போட்ட எளிய சங்கேதம். பள்ளிக்கூடப் பையன் ஒரு மதியத்தில் உடைத்துவிடுவான்.

ஆனால் கல்லின் கதை அதைவிடச் சுவாரசியம். முதலில் ஜான் ஸ்மித் வீட்டு அடுப்பில் பதித்து வைத்திருந்தார்கள் என்பார்கள். 1860களில் ஹாலிஃபாக்ஸுக்கு வந்தது. அங்கே கிரெய்ட்டன் என்பவரின் புத்தகம் கட்டும் கடை. அவர் அப்போது தோண்டிக்கொண்டிருந்த ஓக் தீவு சங்கத்தின் பொருளாளரும்கூட. கல்லைக் கடையில் பார்வைக்கு வைத்தார்கள். எதற்கு? பங்கு விற்பதற்கு. கூட்டம் அடங்கிய பிறகு கல் பட்டறைக்குப் போனது. புத்தக அட்டைக்கான தோலை அதன்மேல் வைத்து அடித்தார்கள். 1919 வாக்கில் கடை மூடியபோது காணாமல் போனது.

அந்தக் கடையில் சின்ன வயதிலிருந்து பழகிய ஹாரி மார்ஷல் என்பவர் 1935இல் எழுத்துமூலம் சாட்சி சொல்லியிருக்கிறார். கல் சுமார் 2 அடி நீளம், 15 அங்குல அகலம், 10 அங்குலத் தடிமன், 175 பவுண்டு எடை. ஒரு மூலையில் யாரோ தங்கள் பெயரின் முதலெழுத்துகளை வெட்டியிருந்தார்கள், அதைத் தவிர வெட்டியதோ வர்ணம் பூசியதோ எந்த எழுத்தும் அதில் இல்லை என்கிறார். நாம் இன்று படங்களில் பார்க்கும் குறிகள் அச்சுக்கு வந்தது கல் தொலைந்து பல வருடம் ஆன பிறகு, 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில். கல்லைப் பார்த்து வரைந்தவர் யார் என்று எவராலும் காட்ட முடியவில்லை.

---

பொள்ளாச்சி_மட்டை:

தோல் அடிக்கிற கல் என்றால் எழுத்து தேய்ந்திருக்க வாய்ப்பு இருக்கே சார். எங்களிடம் மட்டை அடிக்கும் கல்லே பத்து வருடத்தில் நடுவில் வழித்தெடுத்த மாதிரி ஆகிவிடும்.

---

நெய்தல்குமரன்:

தேய்ந்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அது தோல் அடிக்கும் பக்கம் மட்டும்தானே. மார்ஷல் மற்ற பக்கங்களையும் சேர்த்துச் சொல்கிறார்.

---

மலர்விழி_புவியியல்:

தாமதமாக வருகிறேன். ரகசியச் சங்கம், நார், கல் எல்லாம் பேசியாயிற்று. தரையைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஓக் தீவின் கிழக்குப் பாதி, அதாவது குழி இருக்கும் பக்கம், பனியாறு விட்டுப்போன களிமண்ணும் கல்லும் கலந்த மேடு. அதற்கு அடியில் சுண்ணாம்புப் பாறை, ஜிப்சம், அன்ஹைட்ரைட். இவை தண்ணீரில் கரையும். கரைந்தால் உள்ளே பொந்து விழும், பொந்தின் கூரை இடிந்தால் மேலே வட்டமாகப் பள்ளம் விழும். 1878இல் அந்தத் தீவிலேயே ஒரு பெண்மணி உழுதுகொண்டிருந்தபோது மாடு திடீரென்று மண்ணுக்குள் இறங்கிவிட்டது. பணக்குழி என்று பெயர் வைத்த அந்த முதல் குழியிலிருந்து சில நூறு அடி தூரம்தான். அதையும் ‘புதையல் கட்டமைப்பின் ஒரு பகுதி’ என்று சேர்த்துக்கொண்டார்கள்.

இப்படிப் பள்ளம் விழும்போது மேலே நிற்கும் மரமும் விழுந்த கட்டையும் சேர்ந்து உள்ளே போகும். பள்ளம் மெல்ல மெல்ல நிரம்பும்போது இடையிடையே மரம், இலைக்குப்பை, தீப்பிடித்த காட்டின் கரி எல்லாம் அடுக்கு அடுக்காகப் படியும். சுற்றியுள்ள மண்ணைவிட உள்ளே மண் இளக்கமாக இருக்கும். தோண்டுகிறவனுக்கு, ‘ஏற்கெனவே யாரோ தோண்டி மூடிய குழி’ என்றுதான் தோன்றும். பத்தடிக்கு ஒன்று என்று அளந்துவைத்த மாதிரி இருந்ததா என்பது சொன்னவர் வாயைப் பொறுத்தது. 1861 பதிவுக்கு முன்னால் அந்த அளவை எழுதி வைத்தவர் இல்லையே.

கடல் தண்ணீர் வந்ததற்கும் பொறி தேவையில்லை. கரையிலிருந்து இவ்வளவு பக்கத்தில், கடல் மட்டத்துக்குக் கீழே, பொந்து விழுந்த பாறைக்குள் தோண்டினால் தண்ணீர் வராமல் என்ன செய்யும்? குழியின் நீர்மட்டம் அலையேற்றத்தோடு ஏறி இறங்குவதும் அதனால்தான். 1898இல் குழியில் சிவப்புச் சாயம் ஊற்றிப் பார்த்தார்கள். சாயம் ஸ்மித்ஸ் கோவ் வாய்க்கால் வழியாக வந்திருக்க வேண்டும், இல்லையா? வந்தது தெற்குக் கரையில் மூன்று இடங்களில். 1995இல் வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தினர் வந்து பார்த்துவிட்டு, நன்னீரும் அலையழுத்தமும் சந்திப்பதால் இயல்பாக நிகழும் நீர்வரத்தாக இருக்கலாம் என்ற பக்கமே சாய்ந்தார்கள்.

குமரன், உங்கள் மேசன் விளக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் இரண்டும் சேர்ந்தால்தான் முழுமை. மனதில் நிலவறைக் கதை இருக்கிறவன் காலடியில் நிஜமாகவே பள்ளம் விழுந்திருக்கிறது.

---

டெம்ப்ளர்_அருள்:

மலர் அக்கா, ஸ்மித்ஸ் கோவ் கரையில் கிடைத்த மரக்கட்டுமானத்துக்கு என்ன சொல்வீர்கள்? கட்டைகளில் ரோமன் எண்கள் வெட்டியிருக்கிறதே. பனியாறு எண் போடாது.

---

மலர்விழி_புவியியல்:

போடாது தம்பி. அங்கே மனிதர்கள் வேலை செய்தார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தச்சர்கள் சட்டங்களைப் பொருத்த எண் போடுவது வழக்கம். மீன்பிடித் துறை, உப்பு, கப்பலுக்குத் தார் காய்ச்சும் சூளை என்று பல விளக்கங்கள் உண்டு. இவற்றில் எதுவென்று தெரிந்துகொள்ளக்கூடிய சான்றைத்தான் புதையல் தேடியவர்கள் அழித்துவிட்டார்கள். 1965இல் டன்ஃபீல்ட் என்பவர் நிலப்பரப்பிலிருந்து தீவுக்குப் பாதை போட்டு 70 டன் கிரேனைக் கொண்டுவந்தார். 100 அடி அகலத்துக்கு, 130 அடிக்கும் மேலான ஆழத்துக்குப் பணக்குழியைத் தோண்டி எறிந்தார். மூல இடம் எதுவென்றே இன்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது. என் துறைக்காரர்கள் யாரைக் கேட்டாலும் இதற்குத்தான் முதலில் வயிறெரிவார்கள்.

---

ஸ்கார்பரோ_சுதன்:

வணக்கம். டொரன்டோ பக்கம் இருக்கிற ஆள். குடும்பத்தோடு அந்தக் கரைக்குப் போயிருக்கிறேன். வெஸ்டர்ன் ஷோர் என்கிற ஊரிலிருந்து பார்த்தால் தீவு கைக்கெட்டின தூரம். வடிவான இடம். பாதை முகப்பில் கதவு, தனியார் நிலம் என்று பலகை. கதவடியில் நின்று படம் எடுக்கிற சனம் குறையவே இல்லை.

உள்ளூர் ஆட்களோடு கதைத்தால் ஒருத்தரும் டெம்ப்ளர் என்று தொடங்க மாட்டார்கள். 2014இல் தொலைக்காட்சித் தொடர் தொடங்கின பிறகு ஊருக்கு வருகிற ஆட்கள் எவ்வளவு கூடிவிட்டார்கள் என்றுதான் தொடங்குவார்கள். மிச்சிகனிலிருந்து வந்த லகீனா சகோதரர்கள்தான் இப்போது தோண்டுகிறார்கள். புதையல் எடுத்தால் பத்தில் ஒரு பங்கு அரசாங்கத்துக்கு, 2011இலிருந்து இந்தத் தீவுக்கென்றே தனிச் சட்டம்.

குமரன் அண்ணை, நீங்கள் மேசன் என்கிறதை விட்டுவிட்டுக் ‘கம்பெனி’ என்கிறதைப் பிடிக்கலாம் என்று நினைக்கிறேன். ஆன்ஸ்லோ கம்பெனி, ட்ரூரோ கம்பெனி, பிறகு 1893இல் பிளேரின் ஓக் தீவுப் புதையல் கம்பெனி. அதன் மூலதனம் 60,000 டாலர், 5 டாலர் வீதம் 12,000 பங்கு. பங்கு விற்க அச்சடித்த விளக்க ஏட்டில் தீவின் முழு வரலாறும் இருக்கிறது. இன்றைக்கு நாங்கள் ‘பழங்கதை’ என்று சொல்லுகிறதில் கனக்க அந்த ஏட்டிலிருந்து வந்தது. 1909இல் வந்த கேப்டன் பௌடோயினும் பங்கு விற்றவர்தான். ஒன்றும் கிடைக்காமல் போன பிறகு, 1911இல் அங்கே புதையலே இருந்ததில்லை என்று பத்திரிகையில் எழுதினார்!

---

கணக்கு_வாத்தியார்:

இது பலமான வாதம். சுதன் சொல்வதை வைத்தால் சாட்சிகளை இப்படிப் பிரிக்கலாம்: காசு கேட்கும்போது சொன்னது, காசு கேட்காதபோது சொன்னது. தங்கக் கண்ணி, எழுத்துள்ள கல், தோல்தாள் எல்லாம் எந்தப் பக்கம் விழுகிறது பாருங்கள். இரண்டாவது பக்கம் யார் இருக்கிறார்கள்? மார்ஷல் இருக்கிறார். போன பணம் போகட்டும் என்று எழுதிய பௌடோயின் இருக்கிறார்.

---

நெய்தல்குமரன்:

சுதன், நீங்கள் சொன்னதை நான் மேசன் வாதத்தோடு சேர்த்தே பார்க்கிறேன். பங்கு யாரிடம் விற்பார்கள்? பழகியவர்களிடம். மாலையில் லாட்ஜில் ஒன்றாக உட்காருகிறவர்களிடம். நிலவறை, மூன்று பேர், கடப்பாரைச் சத்தம் என்றதும் எதிரில் இருப்பவர் கண்ணில் ஒரு ஒளி வரும். வேண்டுமென்று ஏமாற்றியிருக்க வேண்டும் என்பதில்லை. எந்த விவரத்தைச் சொன்னால் ஆள் நிமிர்ந்து உட்காருகிறானோ அந்த விவரம் அடுத்த தடவை முன்னால் வரும், எந்த விவரத்துக்குக் கொட்டாவி விட்டானோ அது உதிர்ந்துவிடும். 60 வருடம் இப்படியே வாய்வழி போனால் போதாதா?

வாத்தியார் கேட்ட கேள்விக்கும் இதில் பாதிப் பதில் இருக்கிறது. மேசன்கள் எங்கும் இருந்தார்கள் என்றால், கேட்கிற காதுகளும் எங்கும் இருந்தன.

---

கணக்கு_வாத்தியார்:

மீதிப் பாதி பாக்கி இருக்கிறது. ஒத்துப்போகாத விவரங்களை நீங்கள் எண்ணவே இல்லை. ராயல் ஆர்ச்சில் தேங்காய் நார் எங்கே? ஓக் மரம் எங்கே? கடல் தண்ணீர் எங்கே? மெகின்னிஸ் பார்த்ததாகச் சொல்லும், மரக்கிளையில் தொங்கிய கப்பி எங்கே? பத்து விவரத்தில் ஆறு ஒத்துப்போனது என்று சொல்லுங்கள், கேட்கிறேன். ஒத்துப்போன ஆறை மட்டும் வரிசைப்படுத்தினால் அருள் செய்கிற வேலைக்கும் உங்கள் வேலைக்கும் வித்தியாசம் இல்லை.

---

டெம்ப்ளர்_அருள்:

நன்றி ஐயா 😀

---

நெய்தல்குமரன்:

நியாயமான கேள்வி. நார், தண்ணீர் இரண்டும் தீவில் நிஜமாக இருந்தவை. மலர்விழியும் மட்டையும் அதற்கு விளக்கம் சொல்லிவிட்டார்கள். ஓக் மரமும் கப்பியும் கிட் கதைகளில் வரும் பொதுச் சரக்கு. கிட்டை 1701இல் லண்டனில் தூக்கில் போட்ட நாளிலிருந்து அட்லாண்டிக் கரை முழுக்க அப்படிக் கதைகள் உண்டு. என் வாதம் மிச்சத்துக்குத்தான்: மூன்று பேர், ஒன்பது தளம், கடப்பாரைத் தட்டல், கல், தோல்தாள். ஐந்து. போதாது என்றால் சொல்லுங்கள்.

---

கணக்கு_வாத்தியார்:

அந்த ஐந்திலும் தோல்தாள் 1897இல்தான் வருகிறது. அப்போது துளை போட்டது பிளேரின் கம்பெனி, பிளேர் மேசன். அந்த ஒன்றை உங்கள் பக்கம் எழுதிக்கொள்கிறேன். மற்ற நான்கும் 1861க்கு முன் எந்தத் தாளிலாவது இருந்தால் காட்டுங்கள். அப்போது தெரியும், கதை எந்த வருடம் எந்த உறுப்பைச் சேர்த்துக்கொண்டது என்று.

---

மட்டுறுத்துநர்:

ஷேக்ஸ்பியரின் நாடகங்களை எழுதியது பிரான்சிஸ் பேகன்தான், கையெழுத்துப் பிரதியைப் பாதரசத்தில் ஊறவைத்து இங்கே புதைத்தார் என்ற பதிவுகள் ஒன்பதையும் தனி இழைக்கு நகர்த்தியிருக்கிறேன். இங்கே மீண்டும் தொடங்க வேண்டாம்.

---

ஸ்கார்பரோ_சுதன்:

வாத்தியார் ஐயா, நீங்கள் கேட்ட 1861க்கு முந்தைய தாளுக்கு ஒரு வழி இருக்கிறது. ரெஜினால்ட் ஹாரிஸின் ஓக் தீவுத் தாள்கள் எல்லாம் ஹாலிஃபாக்ஸில் நோவா ஸ்கோஷியா ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பிளேர் சேர்த்த கடிதங்களும் அதற்குள்ளே. கோடையில் மருமகனைப் பல்கலைக்கழகத்தில் விட அந்தப் பக்கம் போகிறேன். ஒரு நாள் ஒதுக்கலாம். எதைப் பார்க்க வேண்டும் என்று எழுதுங்கள்.

---

கணக்கு_வாத்தியார்:

1861க்கு முந்தைய தேதியுள்ள கடிதம், ரசீது, நிலப்பத்திரம் எதுவாக இருந்தாலும். கல் என்ற சொல் வருகிறதா, எத்தனை பேர் கண்டுபிடித்தார்கள் என்று வருகிறதா. இரண்டே கேள்வி.

---

நெய்தல்குமரன்:

மார்ஷலின் வாக்குமூலம் மூலப்பிரதியில் இருந்தால் முழுவதையும் பார்த்து எழுதுங்கள். யார் கேட்டு எழுதி வாங்கினார்கள், என்ன கேள்வி கேட்டார்கள் என்பதும் முக்கியம்.

---

பொள்ளாச்சி_மட்டை:

தம்பி, நாரின் மாதிரி எங்காவது கண்ணாடிக்குள் வைத்திருந்தால் கிட்டத்தில் ஒரு படம். இழை நீளம் தெரிகிற மாதிரி. ஊறவைத்து அடித்த நாரா, காய்ந்த மட்டையிலிருந்து உரித்ததா என்று என்னால் ஓரளவு சொல்ல முடியும்.

---

டெம்ப்ளர்_அருள்:

சுதன் அண்ணா, சின்க்ளேர் பெயர் எங்காவது வந்தால் மறைக்காமல் எழுதுங்கள். வாத்தியார் ஐயாவுக்குப் பயந்து விட்டுவிடாதீர்கள்.